போதை நுகர்வு மையங்களும் ஊர்க் கருத்தும்

மருத்துவக் கண்காணிப்பில் இயங்கும் போதை நுகர்வு மையம் என்பது, வெளியில் வாங்கிய போதைப்பொருளை ஒருவர் தம்முடன் கொண்டுவந்து, செவிலியரின் பார்வையில், கிருமி நீக்கிய ஊசியால் தாமே தமக்குச் செலுத்திக்கொள்ள அனுமதிக்கப்படும் இடமாகும். அங்கே போதைப்பொருள் விற்கப்படுவதில்லை, இலவசமாகக் கொடுக்கப்படுவதுமில்லை. ஊழியர் எவரும் பிறருக்கு ஊசி போட்டுவிடுவதுமில்லை. மூச்சு நின்றால் காப்பாற்றுவது, நோய்த்தொற்று பரவாமல் தடுப்பது, வந்தவரைச் சிகிச்சையின் பக்கம் திருப்புவது ஆகியவையே அதன் வேலை. சட்டப்படி இயங்கும் இத்தகைய மையம் இந்தியாவில் இதுவரை ஒன்றுகூட இல்லை. இருந்தும் இப்பொருள் கொங்கு நாட்டிலுள்ள பல்லடத்தில் பேசத் தகுந்ததே. ஏனெனில், போதை தரும் பொருளை ஒரு சமூகம் எந்த இடத்தில், எவருடைய ஒப்புதலோடு, எவருடைய பொறுப்பில் அனுமதிக்கலாம் என்ற கேள்வியைக் கொங்கு நாடு நூறாண்டுக்கும் மேலாகத் தெருவில் இறங்கிக் கேட்டு வந்திருக்கிறது.

மையத்தின் உட்புறம் எப்படியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் கருத்து வேறுபாடு எதைப் பற்றியது என்பது விளங்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், கிங்ஸ் கிராஸ் பகுதியில் 2001 மே மாதம் திறக்கப்பட்ட மையத்தில் வருபவர் மூன்று அறைகளைக் கடக்கிறார். முதல் அறையில் பதிவு நடக்கிறது. எந்தப் பொருளைக் கொண்டுவந்திருக்கிறார், கடைசியாக எப்போது பயன்படுத்தினார், மது அருந்தியிருக்கிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் அறையில், ஒவ்வொன்றிலும் இருவர் அமரக்கூடிய எட்டுத் தடுப்புகள் உள்ளன. ஊசி, பஞ்சு, சுத்தமான நீர் முதலியவற்றைப் பெற்றுக்கொண்டு அவர் அமர்கிறார், சற்றுத் தள்ளிச் செவிலியர் நிற்கிறார். உதடு நீலம் பாரிப்பதும் மூச்சு குறைவதும் அபினி வகைப் பொருள்களின் அளவு மிஞ்சியதற்கு அடையாளங்கள். அவை தெரிந்தவுடன் ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறது, அதுவும் போதாதபோது நலோக்சோன், அதாவது அபினி வகைப் பொருள்களின் விளைவைச் சில நிமிடங்களில் முறிக்கும் மருந்து, செலுத்தப்படுகிறது. மூன்றாம் அறையில் அவர் தெளியும்வரை உட்கார வைக்கப்படுகிறார். புண்ணுக்கு மருந்திடுவதும், தங்குமிடமோ சிகிச்சையோ வேண்டுமா என்று பேச்சுக் கொடுப்பதும் அங்கேதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை ஊசி போடப்பட்டுள்ள அந்த மையத்தில் அளவு மிஞ்சி ஒருவர்கூட இறக்கவில்லை.

இவ்வளவு தெளிவான பயன் இருக்க எதிர்ப்பு ஏன் எழுகிறது என்று கேட்பவர்கள், எதிர்ப்பவர்களை அறியாதவர்கள் என்றோ இரக்கமற்றவர்கள் என்றோ எளிதாக முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறானது. அதைத் தவறென்று காட்டுவதே இவ்வுரையின் முதல் நோக்கம். உயிரைக் காப்பது வேண்டாம் என்று எந்த ஊரும் சொன்னதில்லை. எங்கள் தெருவில், எங்களைக் கேட்காமல், நாளை என்ன நடந்தாலும் பதில் சொல்ல ஆளில்லாமல் இதைக் கொண்டுவராதீர்கள் என்றுதான் ஊர்கள் சொல்லியிருக்கின்றன. இந்த இரண்டு பேச்சுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

இவ்வகை மையங்களில் முதலாவது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1986-இல் தொடங்கியது. அதே காலத்தில் சூரிச் நகராட்சியும் காவல்துறையும் பிளாட்ஸ்பிட்ஸ் என்னும் பூங்காவில் ஊசி போடுவதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தன. கண்காணிப்பு இல்லாத வெறும் சகிப்பு என்ன செய்யும் என்பதற்கு அந்தப் பூங்கா உலகத்துக்கே சான்றாயிற்று. ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள், எய்ட்ஸ் பரவியது, 1992 பிப்ரவரியில் பூங்கா மூடப்பட்டது. கூட்டம் அருகிலிருந்த லெட்டன் என்ற கைவிடப்பட்ட ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது. 1995-இல் அதுவும் மூடப்பட்டது. சுவிட்சர்லாந்து கற்றுக்கொண்ட பாடம், விரட்டினால் கூட்டம் அடுத்த தெருவுக்குப் போகும், விட்டுவிட்டால் அதே தெருவில் பெருகும் என்பது. அங்கிருந்து தடுப்பு, சிகிச்சை, தீங்கு குறைப்பு, சட்ட நடவடிக்கை என்ற நான்கு தூண் கொள்கை உருவானது. தீங்கு குறைப்பு என்பது, ஒருவர் போதைப்பொருளை நிறுத்தும்வரை காத்திராமல், அதனால் விளையும் நோயையும் சாவையும் இன்றே குறைக்கும் முயற்சியாகும்.

அந்நாட்டு மக்கள் இக்கொள்கை குறித்து வாக்களித்த விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. முழுமையான விலக்கையே குறிக்கோளாகக் கொண்ட கடுமையான திட்டம் ஒன்றை 1997-இல் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் நிராகரித்தனர். அடுத்த ஆண்டே, போதைப்பொருள்களைச் சட்டபூர்வமாக்கக் கோரிய எதிர்முனைத் திட்டத்தை அதைவிட அதிகமானோர் நிராகரித்தனர். 2008-இல், கடும் அடிமைத்தனம் உடையோருக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கும் திட்டத்தை உள்ளடக்கிய சட்டத்துக்கு 68 விழுக்காட்டினர் ஒப்புதல் அளித்தனர். முழுத் தடையையும் முழுத் தளர்வையும் ஒதுக்கிவிட்டு நடுவழியைத் தேர்ந்த இவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். பூங்காவைக் கண்ணால் பார்த்துச் சலித்துப்போன, பழைமை விரும்பும் குடிமக்கள். பலமுறை கேட்கப்பட்டதும், ஒவ்வொரு முறையும் எதைப் பற்றிக் கேட்கப்படுகிறது என்பது தெளிவாக இருந்ததுமே அவர்களுடைய கருத்து இவ்வாறு பக்குவப்பட்டதற்குக் காரணம்.

சிட்னியில் 1999-இல், சட்டத்தை மீறி, வேசைட் சாப்பல் என்ற தேவாலயத்தினர் சிறிது காலம் இத்தகைய அறை ஒன்றைத் திறந்து வைத்தனர். அதன்பின் மாநில அரசு நடத்திய போதைப்பொருள் மாநாட்டில் முறையான சோதனைக்கு வழி பிறந்தது. மையத்தை நடத்த முன்வந்த கத்தோலிக்கச் செவிலிய சகோதரியர் வத்திக்கானின் ஆணையால் விலக, யூனைட்டிங் சர்ச் திருச்சபை அப்பொறுப்பை ஏற்றது. வணிகர் சங்கத்தினர் நீதிமன்றம் சென்று தோற்றனர். ஆனால், திறக்கும் முன்பும் திறந்த பின்பும் சுற்றுவட்டத்தில் கருத்துக்கணிப்பு நடத்தப்பட்டபோது குடியிருப்போரின் ஆதரவு கூடியிருந்தது. தெருவில் ஊசி போடுவதும், எறிந்த ஊசிகள் கிடப்பதும் குறைந்ததை அவர்கள் தம் வாசலிலேயே பார்த்தார்கள். ஒன்பது ஆண்டுச் சோதனைக்குப் பிறகே, 2010-இல், நிரந்தர அனுமதி கிடைத்தது.

மெல்போர்னில் நடந்தது வேறு. நார்த் ரிச்மண்டில் 2018-இல் திறக்கப்பட்ட மையம் ஒரு தொடக்கப்பள்ளியை ஒட்டி அமைந்தது. உயிர்கள் காக்கப்பட்டதைப் பதிவு செய்த 2020-ஆம் ஆண்டு மதிப்பாய்வே, சுற்றிலும் வாழ்வோரின் ஆதரவு குறைந்துபோனதையும் பதிவு செய்தது. நகர மையப் பகுதியில் இரண்டாவது மையம் என்ற திட்டம் 2024-இல் கைவிடப்பட்டது. கனடாவின் வான்கூவரில் 2003-இல் திறக்கப்பட்ட இன்சைட் மையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அளவு மிஞ்சிய சாவுகள் 35 விழுக்காடு குறைந்தன என்று லான்செட் மருத்துவ இதழின் 2011 ஆய்வு காட்டியது. அதே ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மையத்தைத் தொடர்ந்து நடத்த ஒருமனதாக உத்தரவிட்டது. ஆனால், தமிழர் மிகுதியாக வாழும் டொராண்டோவில், 2023 ஜூலையில் மையம் ஒன்றின் அருகே நடந்த துப்பாக்கிச் சண்டையில், அவ்வழியே நடந்து சென்ற பெண் ஒருவர் குண்டு பாய்ந்து இறந்தார். பள்ளிகளுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் 200 மீட்டருக்குள் இம்மையங்கள் கூடாதென்று ஒண்டாரியோ மாகாணம் சட்டம் இயற்ற, 2025 வசந்த காலத்தோடு பல மையங்கள் மூடப்பட்டன. போதைப் பொட்டலத்தோடு வருபவர் மையத்துக்குள் பாதுகாப்பாக இருக்கிறார். அவருக்கு அதை விற்றவர் வாசலில் நிற்கிறார். வாசலுக்கு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே முடிவுசெய்யாத நகரங்களில் மருத்துவச் சான்று எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஊர்க் கருத்து திரும்பிவிடுகிறது.

வாசல் பற்றிய இந்தக் கவலை கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. ஈரோட்டில் 1921-இல் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியார் குடும்பத்துப் பெண்களான நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்நின்றார்கள். மறியலை நிறுத்துவது அந்த இரு பெண்களின் கையில்தான் இருக்கிறது என்று காந்தியடிகள் கூறியதாக வரலாறு சொல்கிறது. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து மதுவிலக்குப் பணி செய்த இராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்றதும் 1937 அக்டோபரில் நாட்டிலேயே முதலாவதாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான்.

அந்த மதுவிலக்கு நீங்கிவிட்ட பிற்காலத்தில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவால் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட, அவற்றை ஊருக்குள் நகர்த்தும் முயற்சி தொடங்கியது. அந்த முயற்சியை எதிர்த்து 2017 ஏப்ரல் 11 அன்று பல்லடம் வட்டத்துச் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையை மறித்தபோது தடியடி நடந்ததும், காவல்துறை அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சி தமிழகம் முழுவதும் பரவியதும் இங்குள்ளோர் மறந்திருக்க முடியாது. அந்தப் பெண்கள் கேட்டது முழு மதுவிலக்கு என்று மட்டும் அதைச் சுருக்கிவிடக் கூடாது. நெடுஞ்சாலையில் பல்லாண்டு இருந்த கடையைப் பொறுத்துக்கொண்டவர்கள், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான வழியில், தம்மை ஒரு சொல் கேட்காமல், அது வந்து உட்கார்வதைத்தான் பொறுக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் பல்லடத்திலேயே உண்டு. ஓரிடத்தில் கடை இல்லையென்பதால் அங்கே குடிப்பது நின்றுவிடுவதில்லை. அது தோட்டத்துப் பாதைக்கும், காலி மனைக்கும், மயானத்துக்கும் போகிறது. கள்ளக்கிணறில் 2023 செப்டம்பரில், தம் வீட்டருகே அமர்ந்து மது அருந்தியவர்களைத் தட்டிக்கேட்டதிலிருந்து தொடங்கிய தகராறில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் வெட்டிக் கொல்லப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. போதைப்பொருளை எவருடைய பார்வையும் இல்லாத இடத்துக்குத் தள்ளிவிடுவதன் விலையை, பெரும்பாலும், அதைத் தொட்டறியாதவர்களே கொடுக்கிறார்கள். கண்காணிப்பு மையத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்த ஒரு செய்தியில் உடன்பட முடியும்; உடன்பாடு தொடங்க வேண்டிய இடமும் இதுவே.

பொருளுக்குப் பொருள் வேறுபடுத்திப் பார்க்கும் தெளிவும் இப்பகுதிக்கு உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் தடைசெய்யப்பட்டுள்ள கள்ளை இறக்க அனுமதி கோரிச் செ. நல்லசாமி தலைமையிலான இயக்கம் இப்பகுதி உழவர்களிடையேதான் வலுப்பெற்றது. ஆகவே, கொங்கு மக்கள் போதை என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற எண்ணம் பிழையானது.

இனி, இந்தியச் சட்டத்தின் நிலை. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985, உட்கொள்வதையே குற்றமாகக் கருதுகிறது. ஹெராயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது அதன் 27-ஆம் பிரிவு. குற்றம் நடக்கத் தெரிந்தே இடம் தருபவரையும் 25-ஆம் பிரிவு தண்டிக்கிறது. இதனால் கண்காணிப்பு மையத்தின் மருத்துவரும் கட்டட உரிமையாளரும்கூடக் கூண்டில் நிற்க நேரும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாகச் சிகிச்சைக்கு வருபவரை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. 71-ஆம் பிரிவோ, பதிவுபெற்ற போதை அடிமைகளுக்குச் சிகிச்சையளிக்கவும், விதிகளுக்கு உட்பட்டுப் போதைப்பொருளையே வழங்கவும் மையங்கள் அமைக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2017, சுத்தமான ஊசி கொடுப்பதைக் குற்றமாக்கக் கூடாதென்று தெளிவாகவே கூறுகிறது. ஆக, அரசு தன் கையாலேயே ஊசியைக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டவர் அதைப் போட்டுக்கொள்ள ரயில் தண்டவாளத்தோரப் புதருக்குப் போகிறார். இந்த இடைவெளியைச் சட்டம் இன்னும் நிரப்பவில்லை.

இடைவெளியின் அளவும் சிறிதன்று. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின்படி, 2019-இல் வெளியான கணக்கில், நாட்டில் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் ஊசி வழியே போதைப்பொருள் செலுத்திக்கொள்கிறார்கள். வயது வந்த இந்தியர்களிடையே எச்.ஐ.வி. தொற்று 0.2 விழுக்காட்டை ஒட்டியிருக்க, இவர்களிடையே அது 6 விழுக்காட்டுக்கு மேல் என்று 2017-இன் தேசியக் கண்காணிப்பு காட்டியது.

மேற்பார்வையில் மருந்து உட்கொள்ளச் செய்வது தமிழகத்துக்கு அந்நியமான முறையும் அன்று. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியதோடு, மாத்திரையை ஊழியர் கண்முன் விழுங்கச் செய்யும் முறையையும் வளர்த்தெடுத்தது. பின்னாளில் டாட்ஸ் என்ற பெயரில் ஊரூராக அறிமுகமானது அதுவே. இன்று இந்தியாவில் கண்காணிப்பு மையத்துக்கு மிக நெருங்கிய ஏற்பாடான மாற்று மருந்துச் சிகிச்சையும் இந்த வழியில்தான் நடக்கிறது. ஹெராயினுக்குப் பதிலாகப் புப்ரநார்ஃபின் என்னும் அபினி வகை மருந்தைச் செவிலியர் பொடித்து நாக்குக்கு அடியில் இட, அது முழுவதும் கரையும்வரை நோயாளி அங்கேயே அமர்ந்திருக்கிறார். வாயைத் திறந்து காட்டிய பின்பே எழுந்து வேலைக்குப் போகிறார். பஞ்சாப் அரசு 2017 முதல் இதற்கான வெளிநோயாளர் மையங்களை மாநிலமெங்கும் திறந்தது. திருப்பூரின் பனியன் கம்பெனியிலோ பல்லடத்தின் விசைத்தறிக் கூடத்திலோ கூலிக்கு ஓடும் ஒருவருக்கு இதன் அருமை எளிதில் புரியும்: அவர் மாதக்கணக்கில் மறுவாழ்வு மையத்தில் அடைபட வேண்டியதில்லை, சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

ஊர்க் கருத்து எவ்வளவு கொடுமையாகவும் மாறக்கூடும் என்பதற்கு மணிப்பூர் சான்று. மதுவுக்கும் போதைக்கும் எதிராகப் பெண்கள் தீப்பந்தம் ஏந்தி இரவுக் காவல் நின்ற மைரா பைபி இயக்கத்தின் அந்த மாநிலத்திலேயே, ஊசி போடும் இளைஞர்களை ஆயுதக் குழுக்கள் காலில் சுட்டுத் தண்டித்தன. எய்ட்ஸ் வீட்டுக்கு வீடு நுழைந்த 1990-களில் தாய்மார்களின் பார்வை மாறத் தொடங்க, நாட்டில் முன்னோடியாக அம்மாநிலம் ஊசி மாற்றுத் திட்டத்தை ஏற்றது. அந்த மாற்றத்துக்கு ஒரு தலைமுறையின் உயிர் விலையாயிற்று. அவ்வளவு விலை கொடுத்துத்தான் கருத்து மாற வேண்டும் என்பதில்லை.

கொங்குப் பகுதியில் இன்று தெரியும் ஆபத்து ஹெராயினைவிட வலி மாத்திரையிலிருந்து வருகிறது. டிரமடால் 2018-இல் மனமயக்கப் பொருளாக அறிவிக்கப்பட்டுக் கட்டுப்பாடு இறுகிய பின், டேப்பென்டடால் என்ற வலி நிவாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்வது இளைஞர்களிடையே பரவியிருப்பதைக் கோவையிலும் திருப்பூரிலும் தொடர்ந்து பதிவாகும் வழக்குகள் காட்டுகின்றன. வாயால் விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் உள்ள மாவும் பிணைப்புப் பொருள்களும் நீரில் முழுவதும் கரைவதில்லை. அந்தத் துகள்கள் நரம்பை அடைத்துக் கையை அழுகவைக்கின்றன, நுரையீரலிலும் இதய வால்விலும் தங்கிவிடுகின்றன. ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலை வைரசும் எச்.ஐ.வி.யும் சேர்ந்துகொள்கின்றன. அரசின் போதையில்லாத் தமிழ்நாடு இயக்கம் கைதுகளாலும் உறுதிமொழிகளாலும் அறியப்பட்டது. 2025-இல் அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த மீட்பு மையங்கள் திறக்கப்பட்டது அதைவிடப் பயனுள்ள அடி. அழுகிய கையோடு, காவலருக்குப் பயந்து, மருத்துவமனைப் பக்கமே வராத இளைஞனை அந்த மையத்தின் வாசலுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே இப்போதைய தேவை.

பல்லடம் போன்ற ஊருக்குக் கண்காணிப்பு மையம் இன்று தேவையில்லை என்பதே நேர்மையான முடிவு. ஒரே சதுக்கத்தில் பலர் வெளிப்படையாக ஊசி போடும் பெருநகரங்களிலேயே அது பயன் தந்திருக்கிறது. சிதறிக் கிடக்கும் தோட்டங்களிலும் வாடகை அறைகளிலும் மறைவாக நடப்பதை ஒரு கட்டடத்தால் தீர்க்க முடியாது. இங்கே முதலில் வேண்டியவை, அரசு மருத்துவமனையில் மாற்று மருந்துச் சிகிச்சை, வெளிமாநிலத் தொழிலாளரோடு ஒடியாவிலும் இந்தியிலும் பேசக்கூடிய களப்பணியாளர், அவசர ஊர்தியிலும் தாலுகா மருத்துவமனையிலும் நலோக்சோன், சிகிச்சைக்கு வருபவரை 64ஏ பிரிவின்படி காவல்துறை விட்டுவிடும் என்ற எழுத்துபூர்வ உறுதி ஆகியவை. சென்னை போன்ற நகரில் சோதனை முறையில் ஓர் அறை திறக்கலாமா என்ற கேள்வி, நாடாளுமன்றம் 25, 27 பிரிவுகளைத் திருத்தினால் மட்டுமே பொருளுள்ளதாகும். திருத்தத்தான் வேண்டும் என்று சான்றுகள் சொல்கின்றன.

அந்நாள் வருமுன் மக்களிடம் கேட்கும் முறையாவது திருந்த வேண்டும். போதைக்காரர்களுக்கு அரசு இடம் கொடுக்கலாமா என்று கேட்டால் கூடாது என்ற பதிலே வரும். உயிரைக் காக்கும் மையத்தை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டால் ஆம் என்று வரும். இரண்டு பதிலாலும் பயனில்லை. பள்ளியிலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை மணிவரை, வாசலில் காவல் யாருடையது, எறியப்பட்ட ஊசியை எவர் எத்தனை நேரத்துக்குள் எடுக்க வேண்டும், ஓராண்டில் தெரு கெட்டால் மூடும் அதிகாரம் யாரிடம் என்று கேட்டு, பதிலைக் கிராம சபையிலும் வார்டு சபையிலும் தீர்மானமாக எழுதி வாங்க வேண்டும். அப்படிக் கேட்கும் கூட்டத்தில் முதல் இருக்கைகள் இரு வகையினருக்கு உரியவை: சாமளாபுரத்தில் சாலையில் அமர்ந்த பெண்களைப் போன்றவர்களுக்கும், ஊசியால் மகனையோ கணவனையோ இழந்தும் ஊரில் வாய் திறக்கக் கூசி நிற்கும் பெண்களுக்கும். பல தெருக்களில் இவ்விரு வகையினரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஒரே கூட்டத்துக்கு இவர்களை இதுவரை எந்த அதிகாரியும் சேர்த்து அழைத்ததில்லை.